கல்லின் வயதும் ஒரு பிள்ளையின் கேள்வியும்

 

இம்மாதம் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட விஷயம் சற்றுப் புதுமையானது. மௌலவிக்கும் எரிமலைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தத்தை உண்டாக்கியவள் என் மகள். அவளிடம் நான் செய்த ஒரு தவறுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பொங்கல் விடுமுறையில் ஒருநாள், என்னுடன் படிப்பிக்கும் விஞ்ஞான ஆசிரியை ஒருவரின் அழைப்பின் பேரில் உடுப்பிட்டிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பனையும் தென்னையும் சூழ்ந்த வளவு. நடுவே சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து வெட்டிய பழைய கிணறு. முற்றத்தில் பாய் விரித்து, எங்களுக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்த பலகாரங்களை வைத்திருந்தார் அந்த ரீச்சர். அவருடைய மகன் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொறுக்கிய ஒரு கல்லைக் கொண்டுவந்து வாளித் தண்ணீரில் போட்டான். கல் மிதந்தது! எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம்.

அது நுரைக்கல். குதிக்கால் வெடிப்பைத் தேய்க்க நீங்கள் கடையில் வாங்குவீர்களே, அதே இனம். எரிமலை கக்கிய குழம்பு, உள்ளேயிருந்த வாயு நுரைத்துக்கொண்டிருக்கும்போதே உறைந்து போனால் இப்படி ஓட்டை ஓட்டையாகக் கல்லாகும். எரிமலையே இல்லாத இலங்கையின் கரைக்கு, எந்தத் தேசத்திலிருந்தோ கடல் அதைச் சுமந்து வந்திருக்கிறது.

என் மகள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வாப்பா, இந்தக் கல்லுக்கு எத்தினை வயசு?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். தேத்தண்ணி ஆறுது, குடி" என்றேன்.

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. கல்லைப் பேசாமல் கீழே வைத்தாள். ரீச்சர் மெதுவாக, "மௌலவி, பிள்ளை நல்ல கேள்விதானே கேட்டவ" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

சகோதரிகளே! நான் சொன்ன சொல்லில் பிழையில்லை. எல்லாம் அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் அந்தச் சொல்லை நான் சொன்ன நோக்கம் பிழையானது. நம் இமாம்கள் ஒரு மஸ்அலாவைப் பல நாட்கள் ஆராய்ந்து, ஆதாரங்களை அலசி, தம் முடிவை எழுதிவிட்டுக் கடைசியில்தான் 'வல்லாஹு அஃலம்' என்று எழுதினார்கள். நானோ தேடலின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லி, ஒரு பிள்ளையின் வாயை அடைக்கும் மூடியாக்கிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே அந்த ரீச்சரிடம் சில புத்தகங்களை இரவல் வாங்கி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

உம்மாவின் வயதைக் கண்டுபிடித்த விதம்

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. உடுத்த உடுப்போடு யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டோம். என் உம்மாவின் பிறப்புப் பத்திரம் எங்கோ போய்விட்டது. பின்னொரு காலம் அவரின் வயதை நிரூபிக்க வேண்டி வந்தது. உம்மாவுக்கோ தான் பிறந்த வருடம் தெரியாது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? உம்மாவின் சாச்சி உயிரோடு இருந்தார். "1964 மார்கழியில பெரும் புயல் அடிச்சுதே, அந்த வருசம்தான் இவளுக்கு முதல் பால்பல்லு விழுந்தது" என்றார். பால்பல் விழுவது ஏறக்குறைய ஆறு வயதில். ஆகவே பிறந்தது 1958 அளவில். அடுத்து, உம்மாவுக்கு மூத்தவர் யார், இளையவர் யார் என்று வரிசைப்படுத்தினோம். இளையவரின் பிறந்த வருடம் ஒரு பாடசாலைப் பதிவில் கிடைத்தது. இரண்டும் ஒத்துப் போயின.

இதில் மூன்று வழிகள் இருக்கின்றன, கவனித்தீர்களா? ஒன்று, கண்ட சாட்சி. இரண்டு, யாருக்குப் பின் யார் என்ற வரிசை. மூன்று, பல் விழுவதைப் போல உடம்புக்குள்ளேயே ஓடும் கடிகாரம். எரிமலைக் குழம்பு உறைந்த கல்லின் வயதை அறிஞர்கள் காண்பதும் இந்த மூன்று வழிகளால்தான்!

நம் கடலில் ஓர் எரிமலை

இலங்கையில் எரிமலை இல்லை. ஆனால் நமக்குக் கிழக்கே, வங்கக் கடலுக்கு அப்பால் அண்டமான் கடலில் ஒன்று இருக்கிறது. பாரன் தீவு என்று பெயர். போர்ட் பிளேயர் என்று அழைக்கப்பட்டு 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீற்றர் தூரம். தீவின் குறுக்களவு 3 கிலோமீற்றர் அளவுதான். மனிதர் வசிப்பதில்லை. ஆனால் கடலடியிலிருந்து அளந்தால் அது 2 கிலோமீற்றருக்கும் மேல் உயர்ந்த ஒரு மலை. அதன் உச்சி மட்டுமே நம் கண்ணுக்குத் தீவாகத் தெரிகிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி நம் வடமராட்சிக் கரையையும் அலை அடித்துச் சென்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பூமியின் ஒரு பாளம் இன்னொரு பாளத்தின் கீழ் அமிழும் நீண்ட எல்லை சுமாத்திராவிலிருந்து அண்டமான் வரை போகிறது. அந்த எல்லையில் ஏற்பட்ட அதிர்வே சுனாமிக்குக் காரணம். அதே அமிழ்தல்தான் பாரன் தீவின் அடுப்புக்கும் விறகு.

இந்தத் தீவு கக்கியதாக முதன்முதலில் எழுதி வைக்கப்பட்ட ஆண்டு 1787. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேயர் என்னும் கடற்படை அதிகாரி அதைக் கண்டு எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது அடங்கிக் கிடந்தது. பலர் செத்த எரிமலை என்றே நினைத்தனர். 1991இல் மறுபடி சீறியது. குழம்பு ஓடிக் கடலில் விழுந்தது. 1994, 1995, பின் 2005 தொடக்கம் பலமுறை, 2017இலும் கக்கியது. இவையெல்லாம் சாட்சியுள்ள காலம்.

1787க்கு முன்? அங்கு குடியிருந்து எழுதி வைத்தவர் எவருமில்லை. அப்போதுதான் மற்ற வழிகள் தேவைப்படுகின்றன. மேலே கிடக்கும் குழம்பு இளையது, அடியில் கிடப்பது மூத்தது என்பது வரிசை. ஆனால் வரிசை 'முந்தியது', 'பிந்தியது' என்று மட்டுமே சொல்லும். எத்தனை ஆண்டு என்று சொல்லாது. ஆண்டைச் சொல்லக் கல்லுக்குள் ஒரு கடிகாரம் வேண்டும்.

கல்லுக்குள் ஓடும் கடிகாரம்

பெரும்பாலான எரிமலைக் கல்லில் பொற்றாசியம் என்ற பொருள் உண்டு. அதில் மிகச் சிறிய ஒரு பங்கு தானாகவே மெல்ல மெல்லச் சிதைந்து மாறிக்கொண்டிருக்கும். அப்படி மாறுவதில் 100க்கு ஏறக்குறைய 11 பங்கு ஆகன் என்னும் வாயுவாகிறது. குழம்பு கொதித்து ஓடும்போது, திறந்த பானையிலிருந்து ஆவி போவது போல, பழைய ஆகன் வெளியேறிவிடும். கல் உறைந்த பிறகு புதிதாகத் தோன்றும் ஆகன் வெளியே போக வழியின்றிப் படிகத்துக்குள் சிறைப்படும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், உறைந்து எவ்வளவு காலம் என்று கணக்கிடலாம்.

ஆனால் இந்தக் கடிகாரம் மிக மெதுவானது. அந்தப் பொற்றாசியம் பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டு வேண்டும். ஆயிரம் ஆண்டில் சிதைவது 18 இலட்சத்தில் ஒரு பங்குதான்! கிழமைக் கணக்கில் நகரும் முள்ளை வைத்து நிமிடத்தை அளப்பது போன்றது இது. அதனால்தான் கோடி ஆண்டுப் பழைய கல்லின் வயதைச் சொல்வது எளிதாகவும், ஆயிரம் ஆண்டு இளங்கல்லின் வயதைச் சொல்வது கடினமாகவும் இருக்கிறது. கேட்கவே விந்தையாக இல்லையா?

இன்னொரு சிக்கலும் உண்டு. புதிய குழம்பு மேலே வரும் வழியில் ஆழத்திலுள்ள பழைய கல்லின் துணுக்குகளை வாரிக்கொண்டு வரும். பாயாசத்தில் கரையாமல் கிடக்கும் பழைய கற்கண்டு போல! அந்தத் துணுக்கில் பழைய ஆகன் மிஞ்சியிருக்கும். ஹவாய்த் தீவில் 1800, 1801ஆம் ஆண்டுகளில் மக்கள் கண்முன்னே ஓடிய குழம்பிலிருந்த அப்படிப்பட்ட துணுக்குகளை 1960களில் சோதித்தபோது, கோடிக்கணக்கான ஆண்டுகள் வரை வயது காட்டின. பாரன் தீவிலும் எரிமலைப் பொருளோடு கலந்து வந்த சில படிகங்கள் 10 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட வயதைக் காட்டின. ஆனால் கடல் மட்டத்துக்கு மேல் தெரியும் குழம்புக் கல்லில் மூத்ததற்கே ஏறக்குறைய 16 இலட்சம் ஆண்டு என்றுதான் இந்திய விஞ்ஞானிகள் கணித்திருக்கின்றனர்.

இதைப் பிடித்துக்கொண்டு 'பாருங்கள், விஞ்ஞானம் எல்லாம் பொய்' என்று சிலர் மேடையில் முழங்குவதை நான் கேட்டிருக்கிறேன். அது நேர்மையல்ல. ஒரு ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரில் பலவீனமானவர் ஒருவர் இருந்தால் எல்லா ஹதீஸையும் தள்ளிவிடுகிறோமா? அந்தப் பலவீனத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களே ஹதீஸ் கலை அறிஞர்கள்தாமே! அதுபோல இந்தப் பிழையைக் கண்டு எழுதியவர்களும் விஞ்ஞானிகளே. கண்டபின் வழியையும் திருத்தினார்கள். இத்தாலியில் கி.பி. 79ஆம் ஆண்டு விசூவியஸ் மலை வெடித்துப் பொம்பெய் நகரை மூடியது. கண்ணால் கண்டவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், திருத்திய ஆகன் முறையால் அந்த எரிமலைப் பொருளின் வயது 1925 ஆண்டு, 94 ஆண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்று கண்டனர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சாட்சி சொன்ன ஆண்டு அந்த எல்லைக்குள் அழகாக அடங்குகிறது!

'கூடலாம் குறையலாம்' என்று அவர்கள் சேர்த்து எழுதுவதைக் கவனியுங்கள். தனக்கு எதுவரை தெரியும் என்று எல்லை குறித்துச் சொல்வது அமானிதம் பேணுவதன் ஒரு பகுதி என்றே எனக்குப் படுகிறது.

இளங்கல்லுக்கு வேறு கடிகாரங்களும் உண்டு. குழம்பு ஓடும்போது மரத்தை எரித்து மூடினால், அடியில் கரி கிடைக்கும். மரம் உயிரோடிருந்தபோது உள்வாங்கிய காபன் 14 என்ற பொருள் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். ஏறக்குறைய 50 ஆயிரம் ஆண்டு வரை அதைக் கொண்டு கணக்கிடலாம். பாரன் தீவைச் சுற்றிய கடலடியில், சேற்றுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் படலம் படலமாகக் கிடக்கிறது. அந்தச் சேற்றிலுள்ள மிகச் சிறிய ஓடுகளின் காபனை அளந்து, சுமார் 70 ஆயிரம் ஆண்டுக் கதையை விஞ்ஞானிகள் வாசிக்க முயன்றிருக்கிறார்கள். காபன் எட்டாத ஆழத்துக்கு மேலடுக்குகளின் கணக்கை நீட்டிப் பார்ப்பார்கள்.

கரியும் கிடைக்காத பாலைவனத்தில்? வானிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் ஓயாமல் பூமியில் விழுகின்றன. புதிதாக உறைந்த கல்லின் மேற்பரப்பில் அவை படும்போது குளோரின் 36 என்ற பொருள் சிறிது சிறிதாக உண்டாகும். வெயிலில் கிடக்கும் தோல் நாளுக்கு நாள் கறுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அளந்தால், கல் எவ்வளவு காலம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது என்று தெரியும்.

மதீனாவின் கருங்கல் வெளி

இனி உங்கள் மனதுக்கு நெருங்கிய ஓர் இடத்துக்கு வருவோம். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போய் வந்த தாய்மார்கள், மதீனாவைச் சுற்றிக் கருகிய கல்வெளிகளை பஸ்ஸின் ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். அரபியில் அதற்கு 'ஹர்ரா' என்று பெயர். அவை எல்லாம் எரிமலைக் குழம்பு உறைந்தவை. ஹர்ரத் ரஹாத் என்னும் வெளி மதீனாவிலிருந்து மக்காவின் திசையில் சுமார் 300 கிலோமீற்றர் நீளம் கிடக்கிறது.

ஹிஜாஸ் பூமியிலிருந்து ஒரு நெருப்புக் கிளம்பி, சிரியாவின் புஸ்ரா நகரிலுள்ள ஒட்டகங்களின் கழுத்தை அதன் ஒளி காட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் முன்னறிவிப்பு ஒன்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. ஹிஜ்ரி 654, ஜமாதுல் ஆகிர் மாதம், அதாவது கி.பி. 1256இல், மதீனா சில நாட்கள் நடுங்கியது. பின் நகருக்குத் தென்கிழக்கே பூமி பிளந்து நெருப்புக் கிளம்பியது. 52 நாட்கள் எரிந்தது. குழம்பு 23 கிலோமீற்றர் ஓடியது. நகர மக்கள் நபியின் பள்ளியில் கூடி அழுது தௌபா செய்தார்கள். அல்லாஹ்வின் அருளால் குழம்பு நகருக்குள் நுழையாமல் திசைமாறிப் போயிற்று.

இதை நமக்குச் சொன்னவர்கள் யார்? மதீனாவிலிருந்து வந்த கடிதங்களை டமஸ்கஸில் அபூ ஷாமா (ரஹ்) எழுதி வைத்தார்கள். அதே காலத்தில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்), முஸ்லிம் கிரந்தத்தின் விளக்கவுரையில், தம் காலத்திலேயே அது நடந்ததாகக் குறித்தார்கள். உலகில் எத்தனையோ எரிமலைக் குழம்புகளுக்கு நூற்றாண்டுக் கணக்கில் வயது சொல்லவே திண்டாடுகிறார்கள். இதற்கோ நாள்கூடத் தெரியும்! பக்கத்திலுள்ள வயது தெரியாத குழம்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்க இது ஓர் அளவுகோலாகவும் ஆகிவிட்டது.

ஆனால் நாம் பாடம் படிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. மதீனாவின் மேற்கே சில சிறு எரிமலைக் கூம்புகள் இருக்கின்றன. அவை கி.பி. 641இல், அதாவது உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் கக்கியவை என்று புவியியல் நூல்கள் எழுதி வந்தன. சவூதி புவியியல் துறையும் அமெரிக்கப் புவியியல் துறையும் சேர்ந்து செய்து 2018ஐ ஒட்டி வெளியிட்ட ஆய்வில், குளோரின் 36 முறையால் அவற்றின் வயது ஏறக்குறைய 13 ஆயிரம் ஆண்டு என்று தெரியவந்தது.

அப்படியானால் நம் வரலாற்று நூல்கள் பொய்யா? அவசரப்படாதீர்கள். உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஒரு நெருப்புத் தோன்றியதாகவும், அவர்கள் மக்களை தர்மம் செய்யச் சொன்னதாகவும், அது அணைந்ததாகவும் தபரீயின் வரலாற்றில் ஓர் அறிவிப்பு உண்டு. அதில் சொல்லப்பட்ட இடம் 'ஹர்ரத் லைலா'. மதீனாவின் மேற்கிலுள்ள இந்தக் கூம்புகள் அல்ல. ஆகவே இந்தக் கூம்புகளின் வயது அந்த அறிவிப்பைத் தொடவேயில்லை. அறிவிப்பு வேறு, அதை எந்தக் கல்லின் மீது ஏற்றுகிறோம் என்பது வேறு. நாம் செய்யும் பொருத்தம் பிழைத்தால் அது நம் பிழை. பழியை அறிவிப்பின் மீதோ கல்லின் மீதோ போடலாகாது.

வயதை அறிந்து என்ன பயன்?

'இதையெல்லாம் அறிந்து சோறு வேகுமா?' என்று கேட்பவர்களும் உண்டு. 2009இல் மதீனா மாகாணத்தின் அல்ஈஸ் என்னும் ஊரில் ஏப்ரல் முதல் ஜூன் வரை 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு அதிர்வுகள் பதிவாயின. பூமிக்கடியில் குழம்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை அரசு அப்புறப்படுத்தியது. குழம்பு வெளியே வராமலே நின்றுவிட்டது; மக்கள் திரும்பினர். இப்படியான நேரத்தில் அதிகாரி ஒருவர் எதை வைத்து முடிவெடுப்பார்? இங்கே முன்பு எப்போது கக்கியது, எத்தனை நூற்றாண்டுக்கு ஒருமுறை கக்குகிறது என்ற கணக்கும் வேண்டுமல்லவா? கல்லின் வயது பிழைத்தால் அந்தக் கணக்கும் பிழைக்கும். உயிரைக் காப்பது மார்க்கத்தின் நோக்கங்களில் ஒன்று என்று படித்த நமக்கு இதைவிட வேறென்ன பயன் வேண்டும்?

சில தாய்மார்களுக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கும்: 'கோடி ஆண்டு, இலட்சம் ஆண்டு என்று பிள்ளை படித்தால் ஈமான் குறைந்து போகுமோ?' பூமிக்கு இத்தனை வயது என்று குர்ஆன் எந்த எண்ணையும் குறிக்கவில்லை. மாறாக, பூமியில் பயணம் செய்து, படைப்பு எப்படித் தொடங்கியது என்று பாருங்கள் என்ற கருத்தில் அன்கபூத் அத்தியாயத்தில் நமக்கு ஏவுகிறது. பார்க்கச் சொன்னவன் அவன். பார்த்த பிள்ளையை அதட்டியவன் நான்.

வாசித்து முடித்த பின் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு மகளை அருகில் கூப்பிட்டேன். "மகள், அண்டைக்கு வாப்பா சொன்ன பதில் சரியில்ல" என்றேன். அவள் கண்களை விரித்துப் பார்த்தாள். வாப்பா பிழையை ஒத்துக்கொண்டதுதான் அவளுக்கு மிதக்கும் கல்லைவிடப் பெரிய ஆச்சரியமாக இருந்தது போலும்! முதலில் அந்தக் கல் எந்த எரிமலையின் பிள்ளை என்று அதன் சேர்மானத்தைக் கொண்டு பார்க்க வேண்டும், பிறகு அந்த மலை எப்போது கக்கியது என்று பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். உம்மம்மாவின் பல் விழுந்த கதையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப வாப்பா, இந்தக் கல்லுக்குச் சரியான வயசு?" என்று மறுபடியும் கேட்டாள். "இவ்வளவும் சோதிச்சுப் பார்த்தாத்தான் சொல்லலாம். நீ படிச்சு வந்து சொல்லு. வாப்பா காத்திருக்கிறன். வல்லாஹு அஃலம்" என்றேன். இந்த முறை அவள் முகம் வாடவில்லை.

அன்புத் தாய்மார்களே! அடுப்படியில் நூறு வேலைகளுக்கு நடுவே பிள்ளை வந்து ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரியாவிட்டால் 'தெரியாது மகள், தேடிப் பார்ப்போம்' என்று சொல்லுங்கள். அதில் வெட்கமில்லை. அல்லாஹ்வின் திருநாமத்தைக் கேள்வியை அடைக்கும் மூடியாக்காதீர்கள். தேடிக் களைத்த பின் நாவில் தானாக வரும் சொல்லாக அது இருக்கட்டும்.

பயனுள்ள கல்வியை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வல்ல நாயன் அதிகப்படுத்துவானாக, ஆமீன். இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.